ஃபின்லாந்து ஆன்ட்டியின் ராஜினாமா

கலிஃபோர்னியாவில், சான் ரமோனில் எங்கள் ஆட்களை ஐந்து மணி விருந்துக்கு அழைத்தால், ஆறரை மணிக்குப் போன் செய்து "எங்க இருக்கீங்க?" என்று விசாரிப்பது வழக்கம். "கிளம்பிட்டோம், கிளம்பிட்டோம், எக்ஸிட் எடுத்துட்டோம்" என்று பதில் வரும். பின்னணியில் ஷவர் ஓடுகிற சத்தம் கேட்கும். சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. வந்துவிடுவோம், கோபப்படாதே என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் மரியாதைச் சொல் அது.

ஃபின்லாந்து ஆன்ட்டிக்கு மட்டும் இந்த மரியாதை தெரியாது. முதல் தடவை என் வீட்டுக்கு அழைத்துவிட்டு நேரமாகிறதே என்று போன் செய்தேன்.

"இல்லம்மா, நான் இன்னும் குளிக்கவே இல்லை. மச்சான் இப்பத்தான் ஷேவ் பண்ண உக்காந்திருக்காங்க. நாங்க வர முக்கால் மணி நேரம் ஆகும். பசிச்சா நீங்க சாப்பிட்டுருங்க."

குளியலறைக் கதவைத் திறந்து காட்டியதுபோல இருந்தது எனக்கு. "பரவாயில்லை ஆன்ட்டி, நாங்களும் இன்னும் குளிக்கலை" என்று உளறிவைத்தேன். அதுவும் பொய்தான்.

அவருக்கு ஊர் மேலப்பாளையம். அவர் மச்சான் என்று சொல்லும் கணவர் செல்போன் தொழிலில் எஞ்சினியர். கல்யாணமாகி நேராக ஃபின்லாந்துக்குப் போய் ஏழெட்டு வருடம் இருந்துவிட்டு, 2002 வாக்கில் கணவரின் வேலை மாற்றத்தில் எங்கள் பக்கம் வந்தார்கள். தலையில் கரும்பச்சை ஸ்கார்ஃப், கையில் ஒரு பிளாஸ்க் நிறையக் கறுப்புக் காபி. நாங்கள் ஸ்வெட்டரைத் தேடி அலைகிற டிசம்பரில் அவர் ஜன்னலைத் திறந்துவைத்து "காத்து எவ்ளோ சுகமா இருக்கு" என்பார். ஒரு கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. கொஞ்ச நேரம் சும்மா நம் முகத்தைப் பார்ப்பார். நம்மவர்களுக்கு அந்த இடைவெளி தாங்காது, கேள்வியையும் கேட்டு, பதிலையும் தாங்களே சொல்லி, சண்டையும் போட்டு முடித்திருப்பார்கள். அதன்பின் ஆன்ட்டி நிதானமாகத் தன் பதிலைச் சொல்வார். அது கேள்விக்கான பதிலாகவே இருக்கும்.

விருந்துகளில் ஆண்கள் கூடினால் தமிழ்நாட்டு அரசியல் பேசுவார்கள், பெண்கள் கூடினால் டே கேர் பற்றிப் பேசுவோம். ஆன்ட்டி ஃபின்லாந்து அரசியல் பேசுவார். எந்தக் கட்சி எதோடு கூட்டு, விவசாயிகள் கட்சி ஏன் முறுக்கிக்கொண்டது, சுவீடிஷ் பேசுகிறவர்களின் சின்னக் கட்சி எப்படி எல்லா மந்திரி சபையிலும் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறது என்றெல்லாம். யாருக்கும் புரியாது. ஆனால் வம்பு எந்த நாட்டு வம்பானால் என்ன, காது கொடுப்பதற்கு ஆள் இருந்தது.

"அப்ப அங்க திருடனே இல்லையா ஆன்ட்டி?" என்று என் கணவர் ஒரு நாள் சீண்டினார்.

ஆன்ட்டி அவர் முகத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். "இருக்கான் தம்பி. ஆனா அவனும் டாக்ஸ் கட்டியிருப்பான்."

ஒரு தடவை நானும் அவரும் 680 ஃப்ரீவேயில் போய்க்கொண்டிருந்தோம். அவர்தான் ஓட்டினார். வேகத்துக்காகப் போலீஸ்காரர் நிறுத்தி டிக்கெட் எழுதினார். நானாக இருந்தால் அழுது காட்டியிருப்பேன். ஆன்ட்டி டிக்கெட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, ஃபின்லாந்தில் வேகத்துக்கு அபராதம் ஆளின் சம்பளத்தைப் பார்த்துத்தான் போடுவார்கள், பணக்காரன் வேகமாகப் போனால் அபராதமும் பணக்கார அபராதம், அந்தக் கணக்கில் தன் கணவர் வாங்குகிற சம்பளத்துக்கு இது ரொம்பக் குறைச்சல் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். போலீஸ்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து என்னைப் பார்த்தார். நான் வேலியோரச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மேம், ஹேவ் எ நைஸ் டே" என்று சொல்லிவிட்டு அவர் வேகமாகத் தன் வண்டிக்குப் போனார். அவருடைய வேகத்துக்கே ஒரு டிக்கெட் எழுதலாம்.

2003 வசந்தத்தில் ஆன்ட்டி ஒரு பாத்திரம் நிறைய வட்டலப்பத்தோடு எங்கள் வாசலில் நின்றார். அது பெருநாள் இனிப்பாயிற்றே, இன்றைக்குப் பெருநாள் இல்லையே என்று குழம்பினேன்.

"எங்க ஊர்ல புது பிரதமர். பொம்பளை! ஜனாதிபதி ஏற்கெனவே பொம்பளை. ரெண்டு பெரிய நாற்காலியிலயும் பொம்பளைங்கம்மா!"

எங்க ஊர் என்று அவர் சொன்னது மேலப்பாளையத்தை அல்ல என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. வட்டலப்பம் அபாரமாக இருந்தது. அந்தத் தெருவில் ஃபின்லாந்தின் பெண் பிரதமருக்கு வாழ்த்துச் சொல்லாதவர்கள் கிடையாது, இரண்டாம் கிண்ணம் கேட்டவர்களும் உண்டு.

அந்தப் பிரதமரின் பதவி இரண்டு மாதம்தான் நிலைத்தது. தேர்தல் நேரத்தில் வெளியே கசிந்த ரகசியக் காகிதங்கள் அவர் கைக்கு எப்படி வந்தன என்பதை நாடாளுமன்றத்தில் நேராகச் சொல்லவில்லை என்று குற்றச்சாட்டு எழுந்தது. நம்பிக்கை போய்விட்டது என்று ராஜினாமா செய்தார். ஆன்ட்டி கண் சிவந்து வந்து என் அடுக்களையில் உட்கார்ந்தார்.

"அவங்க போனது வருத்தமா இருக்கு. போக வச்ச ஊரை நெனச்சாப் பெருமையா இருக்கு. ரெண்டும் ஒரே நாள்ல வந்தா மனுஷி என்னத்தச் சமைக்கிறது?"

அன்றைக்கு அவர் வீட்டில் வெறும் கஞ்சிதான் என்று அவர் கணவர் பிறகு சொன்னார். மறுவருடம் கோர்ட்டு அந்தம்மா மேல் குற்றமில்லை என்று விட்டுவிட்டது. "பாத்தீங்களா, அநியாயமா ராஜினாமா பண்ணிட்டாங்க" என்றேன். ஆன்ட்டி ஒப்புக்கொள்ளவில்லை.

"கோர்ட்டு வேற, நாற்காலி வேற. சும்மா இருக்கிறவன் பொய் சொன்னா அவன் பொண்டாட்டிக்குத்தான் கஷ்டம். நாற்காலியில இருக்கிறவன் சொன்னா ஊருக்கே கஷ்டம்."

இந்தத் தத்துவத்தை அவர் அடுக்களையோடு நிறுத்தியிருந்தால் எங்கள் தமிழ்ச் சங்கம் நிம்மதியாக உடைந்துபோயிருக்கும்.

சங்கம் அப்போது உடைகிற நிலையில்தான் இருந்தது. பிரச்சினை ஒன்றே ஒன்று. பொங்கல் விழாவில் முதலில் கலை நிகழ்ச்சியா, முதலில் சாப்பாடா? நிகழ்ச்சிக் கட்சிக்குத் தலைவர் மைக் அங்கிள். மயிலாப்பூர்க்காரர், கையில் மைக் போனால் திரும்பி வராது. சாப்பாட்டுக் கட்சிக்குத் தலைவர் சாம்பார் அங்கிள். பொள்ளாச்சிக்காரர், நிகழ்ச்சியை ஜீரணத்துக்கு உதவும் ஒரு ஏற்பாடாகத்தான் பார்த்தார். முதலில் சாப்பாடு போட்டால் கூட்டம் சாப்பிட்டுவிட்டுப் போய்விடும் என்றார் ஒருவர். முதலில் நிகழ்ச்சி வைத்தால் பசியில் குழந்தைகள் அழும் என்றார் மற்றவர். இரண்டும் உண்மை என்பதுதான் சிக்கல். தனித்தனிச் சங்கம், தனித்தனிப் பொங்கல் என்று பேச்சு முற்றியது.

எனக்கு இந்த இருவரைப் பற்றியும் அக்கறை இல்லை. சங்கம்தான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நடத்திக்கொண்டிருந்தது. உடைந்தால் ஆசிரியர் பாதி, பிள்ளைகள் பாதி என்று பிரிந்து வகுப்பு நின்றுவிடும். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். அந்த வகுப்பு ஒன்றுதான் அவள் வாயில் தமிழ் வருகிற இடம். அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு செயலாளராக இருந்தேன்.

பொதுக்குழுவில் கத்தல் உச்சத்துக்குப் போனபோது ஆன்ட்டி எழுந்தார். ஃபின்லாந்தில் தேர்தல் முடிந்ததும் பெரிய கட்சியின் தலைவர் எல்லாக் கட்சிகளுக்கும் ஒரே கேள்விப் பட்டியலை அனுப்புவார், எல்லோரும் எழுத்தில் பதில் தரவேண்டும், ஒத்துப்போகிறவர்கள் சேர்ந்து ஆட்சித் திட்டம் எழுதுவார்கள், வலதும் இடதும் பச்சையும் ஒரே மந்திரி சபையில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்ததைத் தானே பார்த்ததாகச் சொன்னார். பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டே இரண்டு அணிக்கும் கேள்வித்தாள் கொடுத்தார். முதல் கேள்வி: அறிவித்த நேரத்தில் விழா தொடங்கவேண்டும் என்பதை உங்கள் அணி ஏற்கிறதா? இரண்டு அணியும் முழுமனதாக ஏற்பதாக எழுதின. இரண்டு அணியும் அந்தப் பதிலைக் கெடு முடிந்து ஒரு வாரம் கழித்துக் கொடுத்தன.

எப்படியோ கூட்டணி அமைந்தது. பாதி நிகழ்ச்சி, நடுவில் சாப்பாடு, பிறகு மீதி நிகழ்ச்சி. யார் தலைவர் என்பதில் மட்டும் இரண்டு அங்கிள்களும் ஒருவரையொருவர் ஏற்கவில்லை. ஆகவே இருவருக்கும் ஆகாதவரான ஆன்ட்டி தலைவியானார். முதல் வேலையாகப் பொன்னாடையை ஒழித்தார். ஃபின்லாந்து சுதந்திர தினத்தன்று ஜனாதிபதி விருந்தினர் ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பதை நாடே உட்கார்ந்து டிவியில் பார்க்குமாம். ஃபின்லாந்தில் எஸ்போ நகரத்திலிருந்து ஒரு தோழி அனுப்பிய டிவிடியைச் செயற்குழுவுக்குப் போட்டுக் காட்டினார். ஒருவர் வருவார், கை கொடுப்பார், போவார். அடுத்தவர் வருவார், கை கொடுப்பார், போவார். முடிவே இல்லை. "மாலை உண்டா? துண்டு உண்டா? யாராவது மைக்கைத் தொட்டாங்களா?" என்று ஆன்ட்டி உற்சாகமாகக் கேட்டார். மைக் அங்கிள் வாடிப்போனார். சாம்பார் அங்கிள் "இவங்களுக்கு எப்பங்க சாப்பாடு?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்.

அந்தப் பொங்கல் விழாவில்தான் விபரீதம் நடந்தது.

முதல் பாதி நிகழ்ச்சி நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடிந்தது. சங்கத்தின் வரலாற்றில் அப்படி நடந்ததே இல்லை. அதனால் சாப்பாடு தயாராக இல்லை. எங்கள் விழா என்றைக்கு நேரத்துக்கு நடந்தது என்ற அனுபவத்தில் முக்கால் மணி நேரத் தூரத்திலுள்ள சன்னிவேலில் கேட்டரர் சாவகாசமாகச் சமைத்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டி மேடைக்குப் பின்னாலிருந்து போன் செய்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"கிளம்பிட்டோம் மேடம், டப்ளின் தாண்டிட்டோம், வந்துட்டே இருக்கோம்!" என்ற குரல் எனக்கே கேட்டது. டப்ளின் எங்களுக்கு அடுத்த ஊர். அதைத் தொடர்ந்து ஒரு விசில் சத்தமும் கேட்டது.

"ஃப்ரீவேயில ஏதுய்யா குக்கர்?" என்றார் ஆன்ட்டி.

பதிலுக்கு இன்னொரு விசில் மட்டும் வந்தது.

அரங்கில் சலசலப்பு. சாம்பார் அங்கிள் அணியினர் பிள்ளைகளுக்கு ஜாக்கெட் மாட்டத் தொடங்கிவிட்டார்கள். திரைக்குப் பின்னால் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் நாடக வேஷத்தில் வரிசையாக நின்றார்கள். என் மகள் ஆலமரம். பச்சைக் காகிதத்தை உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு, "என் நிழலில் எல்லோருக்கும் இடம் உண்டு" என்ற ஒரே வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் படித்த வரி. கூட்டம் கலைந்தால் அந்த மரம் காலி நாற்காலிகளுக்கு நிழல் கொடுக்கவேண்டியதுதான்.

ஆன்ட்டி என் மகளைப் பார்த்தார். அரங்கைப் பார்த்தார். அவருடைய வழக்கமான இடைவெளி, அன்றைக்குக் கொஞ்சம் நீளமாக இருந்தது. பிறகு போய் மைக் அங்கிளின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"சாப்பாடு டப்ளின் தாண்டிருச்சு. வந்துக்கிட்டே இருக்கு. அதுக்குள்ள நம்ம பிள்ளைங்க நாடகத்தைப் பாத்துருவோம். எல்லாரும் உக்காருங்க."

கூட்டம் உட்கார்ந்தது. ஆன்ட்டி சொன்னால் அது அப்படித்தான் என்று ஊருக்கே தெரியும். குளிக்கவில்லை என்பதைக்கூடச் சொல்கிறவர் ஆயிற்றே! நிறைந்த அரங்கத்தில் என் மகள் தன் வரியை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். நான் அழுதுவிட்டேன். சாம்பார் அங்கிளும் அழுதார், பசியில் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்.

சாப்பாடு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. டப்ளினில் டிராஃபிக் போலிருக்கிறது என்று எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். எல்லோரும் தயிர்சாதத்துக்கு வந்த நேரம் பார்த்து ஆன்ட்டி மறுபடி மைக்கைப் பிடித்தார்.

"சாப்பாடு டப்ளின் தாண்டிருச்சுன்னு சொன்னேன். அப்ப அது சன்னிவேல்ல அடுப்பு மேல இருந்துச்சு. தெரியாமச் சொல்லலை, தெரிஞ்சேதான் சொன்னேன். அதனால தலைவர் பதவியிலேர்ந்து விலகிக்கிறேன். எல்லாரும் என்னை மன்னிக்கணும்."

நன்றியுரை என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்தவர்களுக்குத்தான் முதலில் உறைத்தது. சாம்பார் அங்கிள் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தார்.

"என்னங்கம்மா இது? இதெல்லாம் ஒரு பொய்யா? இதுக்கெல்லாம் ராஜினாமா பண்ணினா நம்ம ஊர்ல கூட்டுறவு சொசைட்டிக்குக்கூடத் தலைவர் மிஞ்ச மாட்டாருங்க!"

மைக் அங்கிள் "ராஜினாமாவை நாங்க ஏத்துக்கலை" என்று மைக் இல்லாமலேயே அரங்கம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். ஃபின்லாந்தில் ராஜினாமா செய்கிறவர் யாரையும் அனுமதி கேட்பதில்லை என்றார் ஆன்ட்டி. நானும் கெஞ்சினேன். "என் பொண்ணுக்காகத்தானே சொன்னீங்க?" என்றேன். "ஆமா. மறுபடி அப்படி ஆனா மறுபடியும் சொல்லுவேன். மறுபடியும் விலகுவேன்" என்றார். அவர் போனால் கூட்டணி போகும், கூட்டணி போனால் வகுப்பு போகும். ஆலமரம் நான்கு நாளில் மறுபடி ஆங்கிலமாகிவிடும் என்று எனக்குக் கண்ணைக் கட்டியது.

அப்போது ஆன்ட்டியே ஒரு வழி திறந்துவிட்டார். விலகிய அமைச்சரவை புது அமைச்சரவை வரும்வரை காபந்தாக இருந்து அன்றாட வேலையைப் பார்க்கும், அதுதான் அங்கே முறை. "அடுத்த தலைவரை நீங்க தேர்ந்தெடுக்கிற வரைக்கும் நான் காபந்து. சீக்கிரம் தேர்ந்தெடுங்க."

அவ்வளவுதான். மறுநாளே இரண்டு அங்கிள்களும் என் வீட்டு சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உளுந்துவடை சாப்பிட்டார்கள். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள். அடுத்த தலைவர் விஷயத்தில் ஒருநாளும் ஒன்றுபடுவதில்லை என்று முடிவானது. சண்டை தொடர்ந்தால் ஆன்ட்டியும் தொடர்வார்.

பொதுக்குழுதோறும் சண்டை அமர்க்களமாக நடந்தது. நிஜச் சண்டையில்கூட அவர்கள் அவ்வளவு நன்றாகத் திட்டிக்கொண்டதில்லை. மைக் அங்கிள் ஒரு பெயர் சொல்வார், சாம்பார் அங்கிள் மேசையைக் குத்துவார். சாம்பார் அங்கிள் ஒரு பெயர் சொல்வார், மைக் அங்கிள் வெளிநடப்புச் செய்து வாசலில் நின்று காபி குடித்துவிட்டு வருவார். ஆன்ட்டி ஒன்றும் பேசாமல் பிளாஸ்கோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அழைப்பிதழ்களில் தன் பெயருக்குக் கீழே 'காபந்துத் தலைவர்' என்று போடவேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருந்தார். வருடங்கள் ஓடின. தமிழ் வகுப்புக்கு இரண்டாவது அறை தேவைப்பட்டது. "ஃபின்லாந்துல கூட இவ்ளோ நாள் காபந்து கிடையாது" என்று எப்போதாவது பெருமூச்சு விடுவார்.

2008-ல் அவர் கணவருக்கு மறுபடி ஃபின்லாந்துக்கே மாற்றல் வந்தது. வீட்டை விற்றுவிட்டார்கள். கடைசிப் பொதுக்குழுவில் ஆன்ட்டி எழுந்து, "காபந்து பாதியில ஓடக் கூடாது. இன்னைக்கு ஒருத்தரை உக்கார வச்சுட்டுத்தான் நான் விமானம் ஏறணும்" என்றார்.

பழக்க தோஷத்தில் மைக் அங்கிள் ஒரு பெயரைச் சொன்னார். சாம்பார் அங்கிள் மேசையைக் குத்தினார், குத்தில் உயிர் இல்லை. மைக் அங்கிள் மைக்கைத் தானாகக் கீழே வைத்தார். அந்தக் காட்சியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பிறகு இருவரும் சேர்ந்தாற்போல என் பெயரைச் சொன்னார்கள்.

"இத்தனை வருஷம் சண்டை போட்டீங்களே?" என்றார் ஆன்ட்டி.

"அது வந்துங்க… சும்மாங்க" என்று நெளிந்தார் சாம்பார் அங்கிள்.

"தெரியும்."

"எப்பத்துலேர்ந்து தெரியும்?" என்றார் மைக் அங்கிள் அரண்டுபோய்.

"முதல் கூட்டத்துலேர்ந்து. சண்டை போட ரெண்டு பேரும் ஒரே கார்ல வந்து இறங்கினீங்க."

"அப்ப ஏன் மேடம் ஒண்ணும் சொல்லலை?"

ஆன்ட்டி கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தார். "யாரும் கேக்கலையே" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்த மனுஷிக்கும் போக மனமில்லாமல்தான் இருந்திருக்கிறது.

கிளம்புகிற அன்று அவர் வீட்டு டிரைவ்வேயில் விமான நிலைய வேன் நின்றது. அங்கிள்கள் இருவரும் போனில் "வந்துட்டே இருக்கோம், எக்ஸிட் எடுத்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆன்ட்டி சிரித்துக்கொண்டே "மெதுவா குளிச்சுட்டு வாங்க" என்று போனை வைத்தார். அவர்களுக்காகக் காத்திருக்க நேரமில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கினார், அந்த டிவிடியில் பார்த்த மாதிரியே. நான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

பத்து வயது தாண்டிய என் ஆலமரம் அவர் ஸ்கார்ஃபைப் பிடித்து இழுத்தது. "ஆன்ட்டி, ஆர் யூ கமிங் பேக்?"

ஆன்ட்டி வழக்கம்போல உடனே பதில் சொல்லவில்லை. விற்றுவிட்ட வீட்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"போயிட்டு வர்றேன்டா கண்ணு" என்றார்.

"ஆன்ட்டி, பொய்" என்றேன் அவர் காதோரம், அழுதுகொண்டே.

"எனக்குத்தான் இப்ப நாற்காலி இல்லையே" என்றார். "இனிமே நீதான் ஜாக்கிரதையா இருக்கணும்."

வேன் தெரு முனையில் திரும்பி மறைந்தது. மகள் என் பக்கம் திரும்பினாள். "ஷி இஸ் கமிங் பேக், ரைட்?"

பதவிக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை எனக்கு.

"இல்லைடா" என்றேன்.